இரண்டாம் முறை காதல்: கடலூரை வைத்து முதல் நாவல் எழுதப்போகிறவர்களுக்கு

பிரிந்துபோன இருவர் பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த ஊரில் மறுபடி எதிரெதிரே வந்து நிற்கிறார்கள், கடைசியில் சேர்கிறார்கள். நாவல் எழுத உட்காரும் பலருக்கு முதலில் தோன்றுவது இந்தக் கதைதான், அதில் தப்பொன்றும் இல்லை. ஆங்கிலத்தில் இதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. பெருநகரத்தில் வேலையோ கல்யாணமோ முறிந்துபோன பெண் தன் சின்ன ஊருக்குத் திரும்பி வருவாள், பாட்டி விட்டுப்போன பேக்கரியை எடுத்து நடத்துவாள், பள்ளிக்கூடத்துக் காதலன் அங்கேயே தச்சனாகவோ போலீஸ்காரனாகவோ இருப்பான், ஊர்த் திருவிழாவில் எல்லாரும் சேர்ந்து இருவரையும் ஒன்றாகத் தள்ளிவிடுவார்கள். முடிவு நல்லபடியாக இருக்க வேண்டும் என்பது அந்த வகையின் விதி. அதை மீறினால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

அதை அப்படியே தூக்கி வந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் இறக்கினால் நிற்காது. பேக்கரி ஒரு பிரச்சினையே இல்லை, அது நம் ஊரிலும் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கதைகளில் ஊர் சேர்த்துவைக்கிறது. நம் கதைகளில் இருவரும் பிரிந்ததிலேயே ஊருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருப்பார், எதிர்வீட்டு அம்மா ஒன்று சொல்லியிருப்பார், சம்பந்தம் பேசிய தரகர் நடுவில் நழுவியிருப்பார். அந்த ஆட்கள் இன்னும் அதே தெருவில்தான் குடியிருக்கிறார்கள், ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். இரண்டாம் முறை சேரப்போகிறவர்கள் அவர்களைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நாவலுக்கான சரக்கு அங்கேதான் இருக்கிறது.

முதலில் பிரிவை எழுதுங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் சந்திப்பில் தொடங்கி, பிரிவுக்கான காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். பிறகு பார்க்கும்போது கையில் கிடைப்பது மூன்றுதான்: காணாமல்போன கடிதம், யாரோ கிளப்பிவிட்ட வதந்தி, வேறொரு பெண்ணோடு அவனைப் பார்த்துத் தப்பாக நினைத்துக்கொண்ட கதாநாயகி. மூன்றுமே ஒரு போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் சமாச்சாரம். ஒரு போனில் தீர்வதற்குப் பதின்மூன்று வருடம் வீணாக்கிய இருவர் மேல் வாசகருக்குப் பரிதாபம் வராது, எரிச்சல்தான் வரும்.

நல்ல காரணத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். அவன் பக்கம் கேட்டால் அவன் செய்தது சரி என்று தோன்ற வேண்டும், அவள் பக்கம் கேட்டால் அவள் கோபமும் சரி என்று தோன்ற வேண்டும். கூடவே அந்தக் காரணம் இந்த ஊரில் மட்டும் நடக்கக்கூடியதாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கடலூர் மாவட்டத்தில் இதற்குத் தேடி அலைய வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரித்தோப்பும் பலாவும் வேரோடு சாய்ந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. தேதியைக் கவனியுங்கள்: அது மார்கழி நடு. தை பிறந்ததும் கல்யாணம் என்று நாள் குறித்து, பத்திரிகை அடித்து, கொடுக்கவும் தொடங்கியிருந்த வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும். ஒரு ஜோடியைக் கற்பனை செய்வோம். பாலு பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம், வயது 25, வீட்டுக்கு வருமானம் முந்திரித்தோப்பு மட்டும்தான். செல்வி கடலூர், வயது 21, தையல் கற்றவள். கல்லூரிக் காலத்துக் காதல், எப்படியோ இரு வீடும் சம்மதித்துத் தை முகூர்த்தம் வரை வந்தாகிவிட்டது.

புயலுக்கு மறுநாள் தோப்பில் நிற்கிற மரம் ஒன்றுகூட இல்லை. முந்திரியில் ஒட்டுக்கன்று வைத்தால்கூட மூன்றாம் வருடத்தில்தான் காய்க்கத் தொடங்கும், சொல்லிக்கொள்ளும்படி விளைச்சல் வர இன்னும் சில வருடம் ஆகும். கடன், கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைகள், படுத்துவிட்ட அப்பா. பாலு நேராகச் செல்வியின் அப்பாவிடம் போய் "வேற நல்ல இடமா பாருங்க மாமா" என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குக் கிளம்பிவிடுகிறான். செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் கடனில் அவளை இழுத்துவிடக் கூடாது என்று அவன் நினைத்தான், அது சரிதான். என் வாழ்க்கையைப் பற்றி என் அப்பாவிடம் முடிவு சொல்லிவிட்டுப் போக நீ யார் என்று அவள் கேட்கிறாள், அது அதைவிடச் சரி.

இனிமேல்தான் ஊர் வருகிறது. "பொண்ணு இன்னும் கால்கூட வைக்கல, அதுக்குள்ள தோப்பு போச்சு பாரு" என்று பாலுவின் பெரியம்மா துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் சொல்கிறார். அவ்வளவுதான். புயல் வங்கக்கடலில் உருவாகி வந்ததற்குச் செல்வியின் ராசி காரணமாகிவிடுகிறது. பாலு அதை மறுத்துப் பேசவில்லை, ஏனென்றால் அவன் அப்போது விசா ஏஜென்ட் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவன் போனதைக்கூட மன்னித்துவிடலாம், அந்தப் பேச்சுக்கு அவன் பதில் சொல்லாமல் போனதைச் செல்வியால் மன்னிக்க முடியவில்லை. பிரிவுக்கு இப்படி ஒரு அடுக்குக்குக் கீழே இன்னொரு அடுக்கு இருக்கட்டும். மேலே இருப்பதை முதல் ஐந்து அத்தியாயத்தில் சொல்லிவிடலாம், அடியில் இருப்பதைப் பாதிக் கதைவரை அமுக்கிவையுங்கள்.

புதுச்சேரியில் கதையை வைக்கிறவர்களுக்கு இன்னொரு வகைக் காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள், பென்ஷன் வாங்குகிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்றால் கல்யாணச் சந்தையில் மதிப்பு என்னவென்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியும். பக்கத்துத் தெருப் பையனை விட்டுவிட்டு அந்தக் குடியுரிமைக்காகக் கட்டிக்கொடுக்கப்பட்ட பெண் பாரிஸ் புறநகரில் பத்து வருடம் இருந்துவிட்டு முத்தியால்பேட்டைக்குத் திரும்பி வருகிறாள் என்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே ஒரு நாவல் இருக்கிறது.

சாதியைக் காரணமாக வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒன்று. கடலூர் மாவட்டத்திலேயே விருத்தாசலம் பக்கம் 2003-ல் சாதி மாறித் திருமணம் செய்துகொண்ட இருவர் கொல்லப்பட்டார்கள், அந்த வழக்கில் கடலூர் நீதிமன்றம் தண்டனை சொன்னது 2021-ல். ஆகவே சாதியைக் கதையில் ஒரு சின்ன முட்டுக்கட்டையாக வைத்து, கடைசி அத்தியாயத்தில் அப்பா திடீரென்று மனம் மாறிக் கண்ணீர் விடுவதாக எழுதாதீர்கள். அதன் முழுக் கனத்தோடு எழுத முடியும் என்றால் எழுதுங்கள், இல்லையென்றால் வேறு காரணம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி போட்டு ஒரு தாள்

இது சலிப்பான வேலை, ஆனால் செய்தாக வேண்டும். ஒரு தாளில் வருடத்தை இடப்பக்கம் வரிசையாகப் போட்டு, அந்தந்த வருடம் அவனுக்கு என்ன வயது, அவளுக்கு என்ன வயது, எங்கே இருந்தார்கள், ஊரில் என்ன நடந்தது என்று எழுதிவையுங்கள். கடலூர்க்காரர்கள் பேச்சிலேயே இந்தக் கணக்கு இருக்கும்: "சுனாமிக்கு முன்னாடி", "தானேக்கு அப்புறம்", "வெள்ளம் வந்த வருஷம்" என்றுதான் காலத்தைச் சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி, 2011 தானே, 2015 கடைசியில் வெள்ளம், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். இந்த நாலில் எதற்கு உங்கள் ஆட்கள் எங்கே இருந்தார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கதையில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2011-ல் காதலிக்கிறவர்கள் ராத்திரி முழுக்க எஸ்.எம்.எஸ். அனுப்பினார்கள், அதற்கு மாதம் ஒரு பேக் போடுவார்கள். அங்கே வாட்ஸப்பில் நீல டிக் பார்த்து ஏங்குவதாக எழுதிவிட்டால் உங்கள் கணக்கு கந்தல் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

நடுவில் யாராவது கல்யாணம் செய்துகொண்டிருந்தால் சட்டமும் இந்தத் தாளில் வர வேண்டும். செல்விக்கு 2013-ல் நெய்வேலியில் கல்யாணம், 2014-ல் ஒரு பெண் குழந்தை, 2017-ல் பிரிந்து வந்துவிட்டாள், 2019-ல் விவாகரத்து என்று வைத்துக்கொள்வோம். 1955-ம் வருட இந்துத் திருமணச் சட்டத்தில் இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்க வேண்டுமென்றால் குறைந்தது ஒரு வருடம் பிரிந்து இருந்திருக்க வேண்டும், மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருப்பு. அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-ல். இதெல்லாம் எதற்கு என்றால், வக்கீலைப் பார்த்த மறுமாதமே தாலி கட்டுகிற கதைகள் நிறைய வருகின்றன, அப்படிக் கட்டினால் அது கல்யாணமே ஆகாது. கணவன் இறந்துபோனவள் என்றால் சட்டத்தில் தடை எதுவும் இல்லை, 1856-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. தடை எல்லாம் அவள் மறுபடி பூ வைத்துக்கொண்டு முதல்முறை வெளியே போகும் காலையில், தெருமுனைக்குள் இருக்கிறது.

ஊரைக் காட்டுவது

போஸ்ட்கார்டு வேண்டாம். புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவர், காகிதப்பூ, வெள்ளைக்கார வீதியில் சைக்கிள். கடலூர் என்றால் சில்வர் பீச்சில் சூரிய உதயம். இதெல்லாம் ஊருக்குப் புதிதாக வந்தவர் எடுக்கும் போட்டோ. அங்கேயே பிறந்து வளர்ந்தவள் மாலையில் சண்டே மார்க்கெட்டில் நைட்டி பேரம் பேசுவாள், மஞ்சள் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

நாலைந்து இடம் போதும், அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டும் பக்கத்திலேயே ரயில்வே ஸ்டேஷனும் ஒன்று, லாரன்ஸ் ரோடு கடைத்தெரு ஒன்று, பாடலீஸ்வரர் கோயில் சன்னதித் தெரு, தேவனாம்பட்டினம் கடற்கரை, அப்புறம் அவள் வேலை செய்யும் இடம். கடலூரின் பழைய பகுதியான முதுநகர் வேண்டுமென்றால் அதைத் தனி ஊர் மாதிரியே நடத்துங்கள். துறைமுகம், மீன், அதைத் தாண்டினால் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்றுத் திரும்பும்போது வரும் ரசாயன வாடை, இதெல்லாம் புதுநகரில் இருப்பவருக்குக் கிடையாது. ஒரே இடத்தில் 2011-ல் ஒரு காட்சியும் இன்று ஒரு காட்சியும் நடந்தால், நடுவில் போன காலத்தை நீங்கள் விளக்கவே வேண்டியதில்லை.

பருவமும் முக்கியம். முந்திரி பங்குனி, சித்திரையில். பலா சித்திரையிலிருந்து ஆடிக்கு முன்வரை, அப்போது பண்ருட்டி ரோட்டில் வண்டி வண்டியாகக் குவிந்திருக்கும். முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்நுனி கொட்டைப்பால் பட்டுக் கறுத்துப்போயிருக்கும், சோப்புப் போட்டாலும் போகாது. பாலுவின் அம்மா கையை ஒரு முறை செல்வி பிடிக்கும்போது இதைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டின் வரவு செலவு முழுக்கச் சொன்ன மாதிரி. மாசி மகத்துக்குச் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடலுக்குத் தீர்த்தவாரி வரும், கூட்டத்தில் யாரும் யாரையும் தவிர்க்க முடியாது.

காதலர்கள் தனியாகச் சந்திக்கும் காட்சி எல்லாருக்கும் வேண்டும். கடலூர் ஜோடிகள் அதற்குப் பாண்டிக்கு பஸ் ஏறுவார்கள். இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லை, முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம், பிராந்திக் கடை போர்டுகள் வரிசையாக வரும். பயந்தவளுக்கு எல்லை தாண்டியதும் ஒரு தைரியம் வரும். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், காலாற நடக்கலாம். நடந்தால் காந்தி சிலையை எட்டுவதற்குள் எதிரே தெரிந்த முகம் ஒன்று வந்துவிடும், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடலூர் அங்கேதான் இருக்கிறது. அந்த முகம் யார் என்பதை யோசித்து முடிவுசெய்யுங்கள். உங்கள் நாவலின் நடுப்பகுதி அந்த ஆள் திரும்பி வந்து யாரிடம் என்ன சொன்னார் என்பதில் ஓடும்.

முதல் சந்திப்பு

மழையில் ஒதுங்கின இடத்தில் சந்திப்பு, விபத்தில் சந்திப்பு, ஆஸ்பத்திரியில் சந்திப்பு எல்லாம் தீர்ந்துபோன சரக்கு. இருவரும் வேறு வேலையாக வந்த இடத்தில், அந்த வேலையை விட்டு ஓட முடியாத நிலைமையில் சந்திக்க வையுங்கள்.

திருவந்திபுரம் இதற்கென்றே அமைந்த இடம். முகூர்த்த நாளில் தேவநாதசுவாமி கோயிலில் ஒரே காலையில் அடுத்தடுத்துக் கல்யாணங்கள், எந்தக் கூட்டம் எந்த மாப்பிள்ளையுடையது என்று தெரியாது, ஒரு வீட்டு நாதஸ்வரத்துக்கு இன்னொரு வீட்டார் அட்சதை போட்டுவிடுவார்கள். செல்வி இப்போது ஆரி வேலை செய்த ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறாள். மணப்பெண் கடைசி மாதத்தில் உடம்பு கூடிவிட்டாள், ரவிக்கை பூட்டவில்லை, முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம். செல்வி தரையில் மண்டியிட்டு முதுகுப் பக்கம் தையலைப் பிரித்துக் கொக்கியை நகர்த்தித் தைத்துக்கொண்டிருக்கிறாள், உதட்டில் மூன்று குண்டூசி. கதவுக்கு வெளியே "பொண்ணு ரெடியா, அய்யர் கூப்பிடுறார்" என்று ஒரு குரல். அவளுக்குக் குரல் தெரிகிறது. வாயில் ஊசி இருப்பதால் பதில் சொல்ல முடியாது, கையில் கல்யாணப் பெண் இருப்பதால் எழுந்து போகவும் முடியாது. பாலு பொறுமையில்லாமல் எட்டிப் பார்க்கிறான்.

இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கம் பக்கமாக நெஞ்சம் படபடத்தது, காலம் உறைந்தது என்று எழுத வேண்டாம். அவள் ஊசியை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடித்துவிட்டு "இன்னும் அஞ்சு நிமிஷம் ஆவும், சொல்லிடுங்க" என்கிறாள். அவன் போய்ச் சொல்கிறான். போதும்.

பேச்சு

கொங்குத் தமிழும் நெல்லைத் தமிழும் சினிமா புண்ணியத்தில் எல்லாருக்கும் வரும். கடலூர், புதுச்சேரிப் பேச்சு அவ்வளவாகப் பதிவாகவில்லை, அதனால் வீட்டில் கேட்டதை எழுதுங்கள். "இன்னா", "ஆவும்", "வந்துனு இருக்கேன்", பாட்டிக்கு ஆயா, வேர்க்கடலைக்கு மல்லாட்டை. எல்லா வரியிலும் தூவ வேண்டாம், வாசகர் தடுக்கி விழுவார். வயதானவர்கள் வாயில் கொஞ்சம் கூடுதலாக, சிங்கப்பூர் போய் வந்தவன் வாயில் கொஞ்சம் குறைவாக.

அந்தக் காலத்தில் செல்வி அவனை "டா" போட்டுக் கூப்பிட்டவள். இப்போது "சொல்லிடுங்க". ஊர் நடுவே நின்று பேசுவதால் அவளுக்கு அந்த மரியாதை ஒரு தடுப்பு. எந்த அத்தியாயத்தில், எந்தக் கோபத்தில் அவள் அறியாமல் "நீ" என்று வழுக்குகிறாள் என்பதை முன்கூட்டியே குறித்துவையுங்கள். முத்தக் காட்சியைவிட அதற்கு வாசகர்கள் அதிகம் கத்துவார்கள், எழுதிப் பாருங்கள். அதற்கு முன் எங்கேயும் கைதவறி "நீ" போட்டுவிடாதீர்கள், பிழை பார்க்கும்போது இதற்காகவே ஒரு முறை முழுவதையும் படியுங்கள்.

மன்னிப்பும் அந்தப் பதின்மூன்று வருடமும்

நம் குடும்ப நாவல்களில் ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகன் கத்துவான், கையைப் பிடித்து இழுப்பான், கட்டாயத் தாலிகூடக் கட்டுவான், பிறகு காய்ச்சலில் படுத்தவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிடும். இதைப் படிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது தெரியும். ஆனால் இரண்டாம் வாய்ப்புக் கதைக்கு இது ஆகாது, ஏனென்றால் இங்கே அவள் ஒருமுறை வாழ்ந்து பார்த்தவள், தனியாகக் கடை வைத்துப் பிள்ளை வளர்ப்பவள். கஞ்சிக்கு மயங்க மாட்டாள்.

மன்னிப்புக் கேட்பதில் அவனுக்கு ஏதாவது செலவாக வேண்டும். பாலுவைப் பொறுத்தவரை "சாரி" சொல்வது சுலபம். கஷ்டமானது, அன்று ராசிப் பேச்சு பேசிய தன் பெரியம்மா முன்னால், அதே கூடத்தில், "அன்னைக்கே நான் கேட்டிருக்கணும், நீங்க சொன்னது தப்பு" என்று சொல்வது. பதின்மூன்று வருடம் தாமதம், சொந்தத்தில் பாதிப் பேர் பேச்சை நிறுத்திவிடுவார்கள். செல்வி அங்கே இருக்கக் கூடாது என்பது என் கருத்து. அவளுக்கு அது மூன்றாவது ஆள் மூலமாக, ரவிக்கை அளவு கொடுக்க வந்த யாரோ சொல்லித் தெரியட்டும். அவள் எதிரே சொன்னால் அது அவளுக்காகப் போட்ட நாடகம் மாதிரி ஆகிவிடும்.

குழந்தையைத் தூது போகவிடாதீர்கள். பத்து வயதுப் பெண் "அங்கிள், எங்கம்மாவைக் கட்டிக்கிறீங்களா" என்று கேட்பதை எழுத ஆசையாகத்தான் இருக்கும். நிஜத்தில் அந்த வயதுப் பிள்ளை முறைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தும், அதை எழுதினால் உங்களுக்கு மூன்று நல்ல அத்தியாயம் கிடைக்கும். அதேபோல் கடைசியில் செல்வி கடையை மூடிவிட்டுத் தோப்பு வீட்டுக்கு மருமகளாகப் போய்விடுவதாக முடிக்காதீர்கள். கடலூரிலிருந்து பண்ருட்டிக்கு தினம் எத்தனையோ பேர் பஸ்ஸில் போய்வருகிறார்கள், அவனும் போய்வரலாம்.

அதே இடத்துக்கு மறுபடி கொண்டுவாருங்கள்

இந்த வகை நாவலில் புதியவர்கள் கோட்டை விடுவது முக்கால்வாசி கதை தாண்டிய இடத்தில். இருவரும் நெருங்கிவிட்டார்கள், இன்னும் பத்து அத்தியாயம் பாக்கி, உடனே முன்னாள் கணவனை வில்லனாக்கிக் கடத்தல், துப்பாக்கி என்று போய்விடுவார்கள். தேவையே இல்லை. முதல்முறை எது அவர்களைப் பிரித்ததோ அதுவே திரும்பி வர வேண்டும், இந்த முறை ஆள் மாறி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது, நகராமல் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நின்று கொட்டியது. அதற்கடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் ஆற்றங்கரைப் பகுதிகளுக்குள் புகுந்தது. இது கார்த்திகை நடு. செல்வி கடை ஆல்பேட்டைப் பக்கம் தாழ்வான இடத்தில் என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்தால், இப்போது கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். மிஷின் போகட்டும், தை முகூர்த்தங்களுக்காக வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த பட்டுத்துணிகள் சேற்றில். எல்லாவற்றுக்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் கல்யாணமும் அதே தையில்.

இந்த முறை கடன் அவளுக்கு. "உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், விட்டுடு" என்று சொல்ல வருபவள் அவள். தெருவில் பழைய பேச்சு மறுபடி எழும்: அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலே புயல் வருது பார். பாலுவுக்கு இப்போதுதான் 2011-ல் தான் செய்தது எதிராளிக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிகிறது, செல்விக்கும் அன்று அவன் எந்த இடத்தில் நின்று அதைச் செய்தான் என்று தெரிகிறது. இதை நீங்கள் வாயால் விளக்காமல், ஈரத்துணிகளை மொட்டைமாடியில் பிரித்துப் போட்டுக்கொண்டே இருவரும் சண்டை போடுவதாக எழுதுங்கள். அவன் வீரமாக எல்லாக் கடனையும் அடைப்பதாக வைக்காதீர்கள். எந்தத் துணிக்கு யார் வீடு, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து நோட்டில் எழுதினால் போதும். அன்று அவன் செய்யாதது அதுதான்.

புயலிரவில் இருவரும் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சேர்ந்துவிடுவதாக எழுதும் ஆசை வரும். வேண்டாம். புயல் சிக்கலைக் கொண்டுவரட்டும், தீர்ப்பதை மனிதர்கள் செய்யட்டும்.

அத்தியாயக் கணக்கு

முதல் நாவலுக்கு முப்பது அத்தியாயம், ஒவ்வொன்றும் ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை என்று வைத்துக்கொண்டால் நாற்பத்தைந்தாயிரம் வரும், தாராளம். சந்திப்பு இரண்டாம் அத்தியாயத்துக்குள், "நீ" வழுக்குவது பத்தையொட்டி, ராசிப் பேச்சு முழுதாக வெளியே வருவது பதினைந்தில், பெரியம்மா கூடம் இருபதில், ஃபெஞ்சல் இருபத்திரண்டு வாக்கில். பழைய கதையை ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மூச்சில் பிளாஷ்பேக்காகக் கொட்டிவிடாதீர்கள். வாசகர் இன்றைய செல்வியை மறந்தே போவார். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு நினைவு, அதுவும் கண்முன் இருக்கும் ஏதோ ஒன்று கிளப்பியதாக இருக்கட்டும். பக்கப் பாத்திரங்கள் நாலு பேருக்கு மேல் வேண்டாம். அதில் ஒருவராவது அன்றும் தப்பாகப் பேசினார், கடைசி அத்தியாயத்திலும் அப்படியேதான் பேசுகிறார் என்று விடுங்கள். எல்லாரும் திருந்திவிட்டால் அது ஊராக இருக்காது.

வெளியிட

பிரதிலிபி செயலியில் அத்தியாயம் அத்தியாயமாகப் போடலாம், கிண்டிலில் முழு நூலாகப் போடலாம். இரண்டிலும் போட நினைத்தால் வரிசையை முதலிலேயே முடிவுசெய்யுங்கள்: கிண்டிலில் இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் அந்த 90 நாளும் அந்த மின்நூல் வேறெங்கும் இருக்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள், அட்டையில் சினிமா நடிகர் படம் வைக்காதீர்கள், அது நம் சொத்து இல்லை.

போடுவதற்கு முன்னால் கடலூரில் இருக்கும் ஒருவரிடமும் தையல் தெரிந்த ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். கதை நன்றாக இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்க வேண்டாம், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்கே சிரிப்பு வந்தது என்று கேளுங்கள். ரெட்டிச்சாவடி தாண்டுவதற்கு முன்னாலேயே பாண்டி போகும் பஸ்ஸை அரியாங்குப்பத்தில் நிறுத்தியிருந்தால் கடலூர்க்காரர்தான் சொல்வார்.